அறுந்த நரம்பும் ஒரு டப்பா பொய்மீனும்

காலையில் கடலோடு சேர்ந்து தண்ணீர் இறங்குகிற நாட்களில் அடையாற்றின் கரைச்சேறு கறுப்பாக மினுங்கிக்கொண்டு வெளியே வரும். வெயில் ஏற ஏற அது சாம்பல் நிறத்துக்கு மாறி, சின்னச் சின்னக் குமிழிகளாகப் 'பொட் பொட்' என்று வெடிக்கும். அழுகின முட்டையும் மீன் செதிளும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற அந்த நாற்றத்தை, பாலத்தின் மேல் பேருந்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார்கள். எங்களுக்கோ அந்த நாற்றம் வந்தால் கரையில் இறங்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அந்தக் கறுப்புச் சேற்றில் எங்காவது ஒரு சிவப்போ வெள்ளியோ மின்னும். கால் புதையாமல் கல் பார்த்துக் கல் தாவிப் போய் எடுத்தால், உள்ளங்கை நீளத்தில் ஒரு மீன் கையில் இருக்கும். செதிள், செவுள், கறுப்புப் பொட்டு வைத்த கண் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஆனால் முழுக்கப் பிளாஸ்டிக். வயிற்றின் கீழும் வாலிலும் மும்மூன்று முள் சேர்ந்த கொக்கிகள் தொங்கும். மீனை ஏமாற்றிப் பிடிப்பதற்கு என்று செய்த அந்தப் போலி மீன்களுக்கு நாங்கள் 'பொய்மீன்' என்று பெயர் வைத்திருந்தோம்.

எங்கள் வீடு அடையாறு பாலத்துக்கும் கோட்டூர்புரம் பாலத்துக்கும் நடுவே, ஆற்றின் வடகரையை ஒட்டிய ஒற்றை வரிசையில் இருந்தது. நாற்பது வீடுகள் இருக்கலாம். பாதிக்கு ஓலை, பாதிக்குச் சிமெண்டு ஷீட்டு. ஆற்றில் கரையோரமாக ஆழமான மடு எங்கள் பக்கம்தான் இருந்தது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிற தூண்டில்காரர்கள் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் வந்து நிற்பார்கள். வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. எங்கள் ஆட்கள் மண்புழுவையும் மைதா மாவையும் முள்ளில் குத்தி ஜிலேபிக் கெண்டை பிடிப்பார்கள். வந்தவர்கள் புழுவைத் தொடமாட்டார்கள். மடக்கு மடக்காக நீளும் கழியும், கிர்ரென்று சுற்றும் சக்கரமும், தட்டுத் தட்டாகத் திறக்கும் பெட்டியும் கொண்டுவந்து, அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொய்மீனை எடுத்து மாட்டித் தூர வீசி இழுப்பார்கள். கொடுவா மாட்டினால் படம் எடுத்துக்கொண்டு திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். சமைத்துத் தின்ன வேண்டிய மீனை முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விடுகிற அந்தக் காட்சியை, கையில் சட்டியோடு பார்த்துக்கொண்டு நின்ற பெண்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

ஆற்றின் அடியில் உடைந்த கட்டில், டயர், இடித்த வீட்டுக் கம்பி என்று என்னவெல்லாமோ கிடக்கும். பொய்மீன் போய் அதில் மாட்டிக்கொண்டால், அவர்கள் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு நரம்பை அறுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நரம்பு என்று நாங்கள் சொன்னது நைலான் நூலை. அறுத்தது அறுத்ததுதான். அந்த நரம்பும் அதன் நுனியில் கூர்மையான மூன்று முள்ளும் நாளைக்கு யார் காலில் ஏறும் என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதலில் நான் அழகுக்காகத்தான் பொறுக்கினேன். அப்போது ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. என் அப்பா, நாங்கள் 'நைனா' என்று கூப்பிடுவோம், கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலை பார்த்தார். தெர்மாகோலைக் கருங்கல் தூணாகவும் பிளைவுட்டைத் தேக்குக் கதவாகவும் ஆக்கிவிடக்கூடிய கை அவருக்கு. நான் கொண்டுவந்த முதல் பொய்மீனை அவர் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்க சனங்கள ஏமாத்தக் கலர் அடிக்கிறோம், இவன் மீன ஏமாத்த அட்ச்சிக்கிறான். வேல சுத்தமா கீது கண்ணு, பத்திரமா வெச்சுக்கோ." பிஸ்கட் வந்த ஒரு தகர டப்பாவைத் துடைத்து அவரே கொடுத்தார். துருவைக் கழுவ டர்பன்டைனில் நனைத்த துணியும் கொடுத்தார். ஒரு வாரத்தில் டப்பாவில் ஏழெட்டுச் சேர்ந்தன.

அழுக்கு வேலை என்று அம்மா முணுமுணுத்தாள். "எத்தினி பொம்ம வச்சு விளையாடலாம், இது சேத்துல நாய் மாதிரி நோண்டிகினு கீது" என்பாள். ஆனால் தடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கௌரிக்கு நடந்தது அதற்குப் பிறகுதான். என் வயதுக்காரி, என்னோடு எப்போதும் கூட வருகிறவள். சேற்றில் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒரு பொய்மீன் மேல் அவள் குதிகால் முழு எடையோடு இறங்கியது. முள்ளின் நுனியில் பின்னோக்கிய ஒரு செதுக்கு இருக்கும். உள்ளே போனது வெளியே வராது. இழுத்தால் சதையோடு வரும். அவள் போட்ட கூச்சலில் கரையில் இருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நைனா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடினார். அங்கே குதிகாலைக் கீறித்தான் எடுத்தார்கள். ஒரு மாதம் அவள் நொண்டிக்கொண்டு நடந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர்களில் ஒருவரிடம் கௌரியின் அம்மா போய்ச் சொன்னபோது, "ஆத்துல செருப்பு இல்லாம ஏம்மா நடக்கறீங்க?" என்று அவர் கேட்டார். எங்கள் கொல்லையில் நின்றுகொண்டு கேட்டார்.

அன்றிலிருந்து நான் பொறுக்கிய விதம் மாறியது. தண்ணீர் இறங்கியதும் ஒரு குச்சியால் சேற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்து, மனிதர்கள் நடக்கிற வழியில் இருப்பதை எல்லாம் எடுப்பேன்; நரம்பைச் சுருட்டுவேன். நைனா வேலையிலிருந்து வந்ததும் கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு முள்ளின் நுனியையும் 'டிக் டிக்' என்று வெட்டிவிடுவார். ஆகவே என் டப்பாவில் இருந்த ஒரு பொய்மீனுக்கும் கூர் கிடையாது. எல்லாவற்றின் வயிற்றிலும் கொக்கி வளையத்திலிருந்து இறங்கிய ஆற்றுத் துரு ஏறியிருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாத பச்சைப் பாசி மூட்டுகளில் ஒட்டியிருக்கும். இதைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த விசாரணையில் கண் இருந்த இரண்டு பேர் இதைப் பார்க்க மறுத்தார்கள்.

தூண்டில்காரர்களில் ஒருவரை நாங்கள் 'தொப்பி சார்' என்போம். ஐம்பது வயதுக்குள் இருக்கும், வெளுத்த காக்கித் தொப்பி போட்டிருப்பார். மற்றவர்களைப் போல விரட்டமாட்டார். எங்களைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கரையில் கிடந்த பெரிய சிமெண்டுக் குழாயின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் அன்று புதிதாக ஒன்றை மாட்டினார்: முதுகு நீலம், வயிறு வெள்ளி, ஒரு கண் செக்கச் சிவப்பு. மூன்றாவது வீச்சிலேயே அது எதிலோ மாட்டிக்கொண்டது. கழி வில்லாக வளைந்தது. இந்தப் பக்கம் நடந்து இழுத்தார், அந்தப் பக்கம் நடந்து இழுத்தார், முழங்கால் தண்ணீர் வரை இறங்கினார், நாறுகிறது என்று திரும்ப ஏறினார். கால் மணி நேரம் போராடிவிட்டு, வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே சின்னக் கத்தரியை எடுத்து நரம்பை அறுத்தார். அறுத்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்பதுபோலச் சுற்றும் முற்றும் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். அசடு வழியச் சிரித்துவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியது. முங்கிக் கிடந்த ஓர் இரும்புக் கட்டிலின் சட்டம் வெளியே தெரிய, அதில் அந்த நீல மீன் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டினால் உள்ளே சின்னக் குண்டுகள் 'கிலுகிலு' என்றன. என் டப்பாவிலேயே அழகானது அதுதான். வழக்கம்போல நைனா முள்ளை வெட்டிக் கொடுத்தார்.

என் அம்மா அப்போது பாலத்தைத் தாண்டித் தென்கரையில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு மனிதர்களை நான் பார்த்ததே கிடையாது. 'மொத மாடி', 'ரெண்டாவது மாடி', 'மேடம் வூடு' என்று அவள் சொல்லித்தான் தெரியும். விடுமுறை முடியப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம், நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து டப்பாவைத் துடைத்துக்கொண்டிருக்க, அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று சொன்னாள்:

"அட, இந்த மாதிரிதான் போலக்கீது! மேடம் வூட்ல இன்னாமோ பொம்ம மீனு காணோம்னு ரெண்டு வாரமா தேடிகினு கீறாங்க. வெளிநாட்லேர்ந்து வரவெச்சு வூட்டுக்காரருக்குப் பொறந்தநாளுக்குக் குடுத்தாங்களாம். பாவம், அந்தம்மா மொகமே சரியில்ல. நாளைக்கு டப்பாவ எட்த்துகினு என்கூட வா. அவங்களுக்குப் புட்ச்சது ஒண்ணு எட்த்துக்கட்டும். ஒண்ணு குட்த்தா நீ கொறஞ்சா பூடுவ?"

கொடுப்பதற்காகத்தான் போனோம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்: என் அம்மா கொடுப்பதற்காகப் போனாள்.

அந்த மேடம் மோசமான பெண் என்று நான் அப்போது நினைக்கவில்லை. கதவைத் திறந்தவுடன் என்னைப் பார்த்து, "உன் பொண்ணா? இவ்ளோ பெரிய பொண்ணா உனக்கு?" என்று சிரித்தார். அம்மா டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து நீட்டினாள். மேடம் உள்ளே பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. விரல் நேராக நீல மீனின் மேல் போனது.

"இதுதான். இதே தான். எங்கிருந்து எடுத்தே?"

"ஆத்துல ஆண்டி" என்றேன்.

"ஆத்துலயா? பெட்டிக்குள்ள வச்சிருந்தது ஆத்துக்கு எப்படிப் போகும்? நடந்து போச்சா?" அவர் அம்மா பக்கம் திரும்பினார். "மூணு தடவை கேட்டேன் இல்ல உன்னை? மூணு தடவையும் தெரியாதுன்னே. இப்ப பயந்துபோய்த் திருப்பிக் கொடுக்க வந்திருக்கே."

அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. "இல்லம்மா, நீங்க தேடிகினு கீறீங்களேன்னு நல்லதுக்குத்தானே எட்த்தாந்தேன்…" என்று சிரிக்க முயன்றாள். மேடம் உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிட்டார். பனியனும் அரைக்கால் சட்டையுமாக வந்தவருக்குத் தலையில் தொப்பி இல்லை. ஆனாலும் அடையாளம் தெரிய எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை.

எனக்கு அப்போது வந்தது மகிழ்ச்சி. சாட்சி வந்துவிட்டது என்று நினைத்தேன். "சார், நீங்கதானே நரம்ப அறுத்து உட்டீங்கோ? நான் பைப்பு மேல ஒக்காந்துகினு இருந்தேன். நீங்க என்னப் பாத்துச் சிரிச்சீங்கோ" என்றேன்.

அவர் நீல மீனைக் கையில் வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். வெட்டுப்பட்ட முள்ளின் மேல் அவர் கட்டைவிரல் போய் நின்றதை நான் பார்த்தேன். கூர் இல்லாததைத் தடவிப் பார்த்தது அந்த விரல். பெட்டிக்குள் இருந்த மீனுக்குத் துரு எப்படி வரும்? பாசி எப்படி வரும்? அவருக்கு எல்லாம் தெரியும். ஆசையாக வாங்கிக் கொடுத்த மனைவியிடம், முதல் நாளே ஆற்றில் விட்டுவிட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பெட்டியில்தான் வைத்தேன், காணவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். ஒரு வார்த்தையில் சரிசெய்திருக்கலாம். அவர் என்னைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்து, மிகவும் பெருந்தன்மையான குரலில் சொன்னார்:

"சின்னப் பொண்ணு. விடு. அதான் கிடைச்சிடுச்சுல்ல, பெரிசு பண்ணாதே."

அடித்திருந்தால் கூட மறந்திருப்பேன். நான் செய்யாததற்கு அவர் என்னை மன்னித்தார். முப்பது வயது தாண்டியும், மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று வாடிக்கையாளருக்குக் கண் பரிசோதிக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் அந்த 'விடு' காதில் கேட்டு என் கை நின்றுபோகிற நாட்கள் உண்டு.

மேடம் விடவில்லை. "மிச்சதெல்லாம் யாரோடதோ, எந்தெந்த வீட்டுலேர்ந்து வந்ததோ" என்று டப்பாவை மூடி உள்ளே வைத்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். "டப்பாவாச்சும் குடுங்கம்மா, கொழந்த அழுவுது" என்றாள் அம்மா. நான் அழவில்லை. அழுதது அவள்தான்.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் அம்மா நின்றாள். அப்போதுதான் அவள் சொன்னாள்: இரண்டு வாரமாக ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கிளம்பும்போது மேடம் அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாராம். வெற்றிலைப் பொட்டலத்தைக் கூடப் பிரித்துப் பார்த்தாராம். தன்னைச் சந்தேகப்பட்டுத்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பெரிய வீட்டில் ஏதோ புது வழக்கம் என்று நினைத்துக்கொண்டாளாம். வீட்டில் சொன்னால் நைனா கோபப்படுவார் என்று சொல்லவில்லையாம். சொல்லிவிட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நெஜமா ஆத்துல தானே எட்த்தே?"

"ஆமாம்மா."

அவள் நம்பினாள். தலையைத் தடவினாள். ஆனால் அந்தக் கேள்வியை அவள் கேட்டாள். ஒவ்வொரு மாலையும் நைனா முள் வெட்டுவதைக் கண்ணால் பார்த்தவள் கேட்டாள். ஒரு மனிதரின் சின்னப் பொய், என் அம்மாவின் வாயில் அந்தக் கேள்வியை வைத்துவிட்டது. அந்த மூன்று வீட்டு வேலையும் போனதைக் காட்டிலும் எனக்கு அதுதான் ஆறாமல் இருக்கிறது. ஆமாம், மூன்று வீடும்தான். செய்தி மாடிப்படியில் இறங்க ஒரு நாள்தான் பிடித்தது. முதல் மாடியும் இரண்டாம் மாடியும் மறுநாள் காவல்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். தொப்பி, கழி, பெட்டி எல்லாம் வழக்கம்போல. எங்கள் வரிசையில் எந்த வீடு யாருடையது என்று அவருக்கு ஏன் தெரிய வேண்டும்? நைனா சட்டையை மாட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், உங்க வூட்ல பாத்திரம் தேச்சுகினு இருந்துச்சே, அது என் சம்சாரம்" என்றார் நைனா. "மீன நீங்க அறுத்து உட்டத இந்தப் பொண்ணு பாத்துச்சு. நீங்களே சொல்லுங்க, இது திருடிச்சா?"

அவர் சுற்றிப் பார்த்தார். தூரத்தில் இன்னொரு தூண்டில்காரர் நின்றிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இல்லப்பா. அது… நான்தான் விட்டது. வீட்டுல ஒண்ணு சொல்லி, அது வேற மாதிரி ஆயிடுச்சு. நான் பேசிக்கறேன். இங்க சத்தம் போடாதே" என்றார். பெட்டியைத் திறந்து, உறை கூடப் பிரிக்காத ஒரு புதுப் பொய்மீனை எடுத்து என்னிடம் நீட்டினார். "பாப்பா, இதை வச்சுக்கோ. புதுசு."

பச்சையும் தங்கமுமாக அது உறைக்குள் பளபளத்தது. என் கை போகவில்லை. நைனா அதை வாங்கி, அவர் பெட்டிக்குள் எடுத்த தட்டிலேயே திரும்ப வைத்து, மூடியையும் மூடினார்.

"எங்க கைல சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? எங்களுக்குத் தெரியுமே. வூட்ல சொல்லுங்கோ."

ஒரு வாரம் காத்திருந்தோம். அவர் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா இதை மேலும் பொறுக்க முடியாமல் ஒரு திங்கட்கிழமை காலை எழுந்து, குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டாள். நைனா, "நீ போவாத, அசிங்கமா ஏதாச்சும் பேசிடப் போறாங்க" என்றார். "அசிங்கம் எனக்கா?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காவல்காரர் வாசற்கதவைத் திறக்கவில்லை. அவரும் பாவம், சொன்னதைச் செய்கிறவர். அம்மா வெளியே தெருவிலேயே நின்றாள். அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம்; மேலும் கீழும் ஆட்கள். மேடம் மூன்றாம் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் கணவர் கீழே காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். அம்மா கத்தவில்லை. அவளுடைய சாதாரணக் குரலே மூன்று மாடிக்குக் கேட்கும்.

"மேடம்! உங்கூட்டுக்காரரு ஆத்தாண்ட வந்து எம்புருசன் கைல ஒத்துகினாரு, மீன அவருதான் தண்ணில உட்டாருன்னு. இதோ நிக்கிறாரு, கேட்டுக்கோங்க. ரெண்டு வாரமா என் பையத் தொறந்து தொறந்து பாத்தீங்களே, அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டீங்களா?"

தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள். இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. மேடம் கையில் ஈரத் துணியோடு கீழே குனிந்து கணவரைப் பார்த்தார்.

"நிஜமா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாகுது" என்றார். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். காவல்காரர் அவருக்காகத் திறந்த வாசற்கதவு வழியே, எங்களை உரசிக்கொண்டு கார் போனது. மேடம் கார் போன திசையையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது கீழே இருந்த எனக்கே தெரிந்தது. பிறகு துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மாலை காவல்காரர் எங்கள் வரிசையைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் என் டப்பா. உள்ளே நீல மீனைத் தவிர மற்றவை எல்லாம் அப்படியே இருந்தன. "மேடம் உன்ன வேலைக்கு வரச் சொன்னாங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

"இன்னா சொன்னாங்க? தப்பு அவங்க மேலதான்னு சொன்னாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. வரச் சொன்னாங்க."

"திருடின்னு மாடி மாடியாச் சொன்னாங்க இல்ல? இல்லன்னும் மாடி மாடியாச் சொல்லட்டும். அப்பறம் வரேன்னு சொல்லு."

சொல்லவில்லை. அம்மாவும் போகவில்லை. மந்தைவெளியில் வேறு வீடுகள் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதம் நாங்கள் நைனாவின் ஒற்றைக் கூலியில் எப்படி ஓட்டினோம் என்பதை அந்தப் பால்கனி அறியாது. தொப்பி சார் மட்டும் அதற்குப் பிறகு எங்கள் கரைக்கு வரவில்லை. முகத்துவாரத்துப் பக்கம், உடைந்த பாலத்தருகே பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அங்கேயும் நரம்பு அறுந்திருக்கும்.

நான் சில நாள் கரையில் இறங்காமல் இருந்தேன். அம்மாதான் ஒரு நாள் என் குச்சியை எடுத்துக் கையில் கொடுத்து, "நீ இன்னாத்துக்கு நிறுத்துற? கௌரி மாதிரி இன்னொருத்தி கால்ல ஏறட்டும்னா?" என்றாள். மறுபடி பொறுக்கினேன். ஆனால் நிறம் பார்த்து மகிழ்கிற பழக்கம் போய்விட்டது. எடுத்ததும் முள்ளைத்தான் பார்ப்பேன்.

டப்பா, நான் கல்லூரி முடித்த காலத்தில் வந்த பெருவெள்ளத்தில் போனது. அந்த இரவில் யார் டப்பாவை நினைத்தோம்? வெள்ளம் வடிந்ததும் சுவர் மட்டும் நின்ற வீடுகளுக்கு அதிகாரிகள் வந்து எண் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு அவற்றை இடிக்கிற இயந்திரம் வந்தது. எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில், அரசு கட்டிய குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். கௌரி வேறு கட்டடத்தில் இருக்கிறாள். நைனா அங்கே போன மூன்றாம் வருடம் போய்விட்டார். கோடம்பாக்கத்துக்குப் போகவர ஆகும் நேரத்தையும் அலைச்சலையும் அவர் உடம்பு தாங்கவில்லை. மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் கடைக்கு இன்றைக்கும் இரண்டு பேருந்து மாறி, அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். எங்கள் வரிசை இருந்த இடத்தில் இப்போது நடைபாதை போட்டு, செடி வைத்து, இரும்புக் கம்பி வேலி கட்டியிருக்கிறார்கள். ஆற்றில் இறங்க வழி இல்லை. இறங்குவதற்குச் சேறும் இல்லை. கல் பதித்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள். வேலியை ஒட்டி நின்று ஒருவர் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கையுறை போட்ட பள்ளிப் பிள்ளைகள், ஒரே நிறச் சட்டையில், சாக்குப் பையில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம்தான். பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள், கொடுக்கட்டும். அதே கரையில் அதே வேலையைக் கையுறை இல்லாமல் செய்த ஒரு பெண்ணுக்கு என்ன பெயர் கொடுத்தார்கள் என்பது மட்டும் எனக்கு நினைவுக்கு வந்தது.

நடைபாதையின் தொடக்கத்தில் ஒரு பெரிய பலகை. இரண்டு படங்கள். ஒன்றின் கீழ் 'முன்பு', இன்னொன்றின் கீழ் 'இப்போது'. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முதல் படத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அது நம்ம வரிசதானே? கீழ இன்னா எழுதிக்கிறான், படி" என்றாள்.

படிக்காமல் சமாளித்திருக்கலாம். படித்தேன். "முன்பு: ஆக்கிரமிப்பும் குப்பையும்."

அம்மா கிட்டே போனாள். கண்ணாடிப் பலகையின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது நம்ம வூடு. இது கௌரி வூடு. இது நைனா அட்ச்ச நீலக் கதவு. இதோ பாரு, உன் காலேஜி சுடிதாரு காயுது, சோப்பு போட்டுத் தொவச்சது. வாசலு பெருக்கிக் கோலம் கூடப் போட்டுக்கீது." விரலை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள். "இதுல குப்ப எங்க கீது? காமி."

நான் அந்தப் படத்தை மேலிருந்து கீழ் வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தேன். பிறகும் பலமுறை, பேருந்திலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறேன். என்னால் காட்ட முடியவில்லை.